சனிக்கிழமை வரச் சொன்னால் எப்படி வருவான்?

பேங்க்குக்குத் தம்பி நேரில் வரணுமாம். ரேகை வைக்கணுமாம். இதே வார்த்தையை நாலாவது தடவையாகக் கேட்டுவிட்டு, ஆடிக்காற்றில் கண்ணெல்லாம் மண்ணாக வீடு வந்து சேர்ந்தேன். எல்லாம் கேஒய்சிக்காக, அதாவது கணக்குக்காரர் யார், முகவரி என்ன என்று பேங்க் சரிபார்க்கிற வேலைக்காக. அந்தப் பேரைக் கேட்டாலே உங்களுக்கும் வயிறு எரியும்.

தம்பி அண்டார்டிகாவில், நம் நாட்டின் பாரதி ஆராய்ச்சி நிலையத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக். கோடை முடிந்து கடைசிக் கப்பல் கிளம்பிவிட்டால் கடல் உறைந்துவிடும், அப்புறம் நவம்பர் வரைக்கும் அங்கிருந்து யாரும் கிளம்பி வர முடியாது. அவன் சம்பளம் விழுகிற கணக்கைத்தான் இந்த பேங்க்காரர்கள் முடக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை அதிலிருந்துதான் போகணும், இரண்டு மாதமாகப் போகவில்லை, அம்மா அந்த வெசனத்திலேயே சரியாகச் சாப்பிடுவதில்லை.

இன்றைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு காங்கயம் போனேன். ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு எங்கள் டோக்கன் வந்தது. "பையன் அண்டார்டிகாவில இருக்கானுங்க" என்றேன். "எங்க இருந்தாலும் நேர்ல வந்தாகணுங்க." "நவம்பர் வரைக்கும் வர வழியே இல்லைங்க." கவுன்ட்டரில் இருந்த ஆள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறார்: "அப்ப சனிக்கிழமை வரச் சொல்லுங்க. இது ரெண்டாஞ்சனி இல்லை, பேங்க் இருக்கும்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. சரி, பொறுமையாகப் பேசுவோம் என்று நிலையத் தலைவர் கையெழுத்துப் போட்டு மெயிலில் அனுப்பிய கடிதத்தை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பிரிண்ட் அவுட். ஒரிஜினல் எங்கே?" என்கிறார். ஒரிஜினல் பாரதியில் ஒரு மேசை மேலே கிடக்கிறது. அதுவும் அடுத்த கப்பலில்தான் வரணும். அடுத்து, தற்போதைய முகவரி. அஞ்சல் துறையே 2024 ஏப்ரலில் அந்த நிலையத்துக்குக் கிளை திறந்து எம்.எச். 1718 என்று பின்கோடும் கொடுத்திருக்கிறது, அதை எழுதிக் கொடுத்தேன். "எழுத்தெல்லாம் வரக்கூடாதுங்க, ஆறு நம்பர் இருந்தாத்தான் சிஸ்டம் எடுக்கும்." அதோடு விட்டாரா? "அந்த முகவரிக்குக் கரண்ட் பில் இருக்குதுங்களா?"

கரண்ட் பில்! 134 கப்பல் கன்டெய்னர்களை அடுக்கி, மேலே கூடு போட்டு 2012-ல் நம் நாடு கட்டிய நிலையம் அது. அங்கே ஏது ஈபி ஆபீஸ்? அங்கே எரிகிற ஒவ்வொரு விளக்கும் என் தம்பி ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பார்க்கிற ஜெனரேட்டரில் எரிகிறது. கதகதப்பும் அதிலிருந்துதான். அது நின்றுபோனால் குழாயில் தண்ணீர் உறையும், இருபத்துச் சொச்சம் பேர் உயிர் ஊசலாடும். இந்தக் குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மாதம் அவன் சூரியனையே பார்க்கவில்லை. பனிப்புயல் அடித்தால் நாள் கணக்கில் கதவைத் திறக்கக்கூடாது. அவனைப் போய் ரேகை வைக்க வரச் சொல்கிறார்கள்.

அம்மா மெதுவாக முன்னால் வந்து, "ஏஞ்சாமி, போட்டோ இருக்குதுங், பாக்கறீங்களா?" என்று போனை நீட்டினார். மீசையிலும் இமையிலும் உப்புப் பூத்த மாதிரி பனி ஒட்டிக்கொண்டு தம்பி சிரிக்கிற படம். பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டுகிற படம் அது. அந்த ஆள் திரும்பக்கூட இல்லை. "அடுத்த டோக்கன்" என்றார். அம்மா போனைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பையில் வைத்தார். எனக்கு நெஞ்சை அறுத்தது அதுதான்.

இவனை அனுப்புமுன் எய்ம்ஸில் தலையிலிருந்து கால்வரை சோதித்தார்கள், இமயமலையில் இருக்கிற அவுலியில் பனியில் ஏற்றி இறக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். 1981-ல் முதல் குழு கோவாவிலிருந்து கிளம்பியதிலிருந்து இத்தனை வருசமாக ஆள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவன் எங்கே இருக்கிறான், எப்போது வருவான் என்று கோவாவில் இருக்கிற துருவ ஆய்வு மையத்துக்குத் தெரியும். அங்கே ஒரு மெயில் போட்டுக் கேட்டால் முடிகிற சோலி இது. திரும்பி வரும்வரை கெடு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கப்பலில் வேலை பார்ப்பவர்கள், எல்லையில் நிற்பவர்கள் வீட்டிலும் இதே அலைச்சல்தானே!

ராத்திரி தம்பி பேசினான். நடந்ததை எல்லாம் கொட்டினேன். பேங்க்கைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அக்கா, அம்மாவை உக்கார வெச்சாங்களா?" என்று மட்டும் கேட்டான். பொய் சொன்னேன்.