ஒரு ஓடு விலகினால் போதும்

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். விடிந்தும் விடியாமல் காற்று சுழன்றடிக்க ஆரம்பித்தது. வாசலில் நின்ற அயினி மரம் வேரோடு சாய்ந்தது. எண்பது வருடம் தாண்டிய எங்கள் ஓட்டு வீடு அசையவில்லை, மோட்டில் நாலைந்து ஓடுகள்தான் போயின. ஆனால் அவற்றை மாற்ற ஆள் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் மச்சுப் பலகை மழையில் ஊறி, அடுத்த வருடமே கரையான் ஏறிவிட்டது. புயலால் முடியாததை அந்த மூன்று வாரத்து ஈரம் செய்து முடித்தது.

இதே கதையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் இரணியல் அரண்மனைக்குப் போக வேண்டும். அதை எந்தப் புயலும் இடிக்கவில்லை. ஓடு விலகியது, மழை உள்ளே இறங்கியது, ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான கழுக்கோல் உளுத்தது, கூரை விழுந்தது, பிறகு சுவரில் மரம் முளைத்தது. சீரமைப்பு என்று பேச்சு வரும்போது மிச்சம் கொஞ்சம்தான். பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அங்கும் மரமும் ஓடும்தான், மேலே பெய்வதும் அதே இரண்டு பருவமழைதான். 1795-க்குப் பிறகு திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது, ஆனாலும் அரண்மனை நிற்கிறது. வருடா வருடம் யாரோ மேலே ஏறிப் பார்க்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கடற்கரையில் இன்னொரு எதிரி உண்டு, உப்பு. 1741-ல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்காகக் கல்லால் கட்டிய வட்டக்கோட்டை கடலை ஒட்டியே நிற்கிறது. அலைச் சாரலும் உப்புக்காற்றும் கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் போகின்றன. ஈரம் காயும்போது உப்பு உள்ளேயே படிகமாகி விரிகிறது. அப்படி விரியும் உப்பு கல்லைப் பொடிப்பொடியாகத் தள்ளிவிடும். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை மூச்சு விடும், ஈரத்தை வெளியே விட்டுவிடும். பழைய சுவர்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். "சிமெண்ட் பூசி பலப்படுத்திட்டோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் எத்தனை பழைய ஆலயங்களுக்கு இது நடந்திருக்கிறது!

இதைத் தடுக்கும் வித்தை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நடுக்கடல் பாறையில் நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலைக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை காகிதக் கூழ் பூசுகிறார்கள். கூழ் கல்லில் ஏறிய உப்பை உறிஞ்சி எடுக்கும். பிறகு ரசாயனப் பூச்சு. 2000-ல் திறந்த சிலைக்கு இவ்வளவு அக்கறை காட்டுவது ரொம்பச் சரி. இருநூறு, முந்நூறு வருடத்துக் கற்சுவர்களுக்கும் அதே அக்கறை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வெள்ளத்தில் நம் பங்கு இன்னும் அதிகம். சின்ன வயதில் அம்மா வீட்டுக்கு மூன்று படி ஏறிப் போவோம். இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி இறங்க வேண்டும். வீடு தாழவில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டு ரோட்டை உயர்த்திவிட்டார்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் தெருத்தண்ணீர் முழுக்க எங்கள் முற்றத்துக்குத்தான் வந்தது. பழைய கோயில், பள்ளிவாசல், ஆலயம் எதன் வாசலிலும் போய்ப் பாருங்கள், பாதிக்கு மேல் இதே நிலைதான். சுசீந்திரம் பழையாற்றங்கரையில் இருக்கிறது. ஆறு பெருகினால் தண்ணீரைத் தாங்க நாஞ்சில் நாட்டு வயலும் குளமும் இருந்தன. அந்த வயல்களில் இன்று பிளாட் கல் நடுகிறோம். அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

"மீனவன் உயிருக்கே பாதுகாப்பில்லை, உனக்குக் கட்டடமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒக்கியில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை நினைத்தால் அந்தக் கோபம் நியாயம்தான். உயிர்தான் முதலில், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் சுனாமியிலும் ஒக்கியிலும் ஜனங்கள் பாயோடு ஓடியது எங்கே? ஆலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தானே. அந்தக் கூரை உறுதியாக இருப்பது உயிர் காக்கிற வேலைதான். கடலரிப்புக்கும் இதே மாதிரி யோசிக்க வேண்டும். ஒரு ஊரில் மட்டும் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டால் அடுத்த ஊர்க் கரை போகிறது. கோட்டைக்கு முன்னால் மட்டும் கல் கொட்டினாலும் அதேதான் நடக்கும்.

ஒவ்வொரு வருடமும் மே மாதத்திலும் செப்டம்பரிலும், மழைக்கு முன்னால், பழைய கட்டடங்களின் ஓடு, மழைநீர்த் தாரை, ஓடை மூன்றையும் பார்த்துச் சரிசெய்ய ஒரு ஏற்பாடு வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களும் கூரை வேலை தெரிந்த ஆசாரிகளும் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். அவர்களோடு நாலு இளைஞர்களைச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துவிட வேண்டும்.

அடுத்த முறை வட்டக்கோட்டைக்குப் போகிறவர்கள் செல்ஃபி எடுத்த பிறகு, கடல் பக்கத்துச் சுவரின் அடிக்கல்லையும் ஒரு படம் எடுத்துத் தேதியோடு இங்கே கமெண்டில் போடுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தை எடுப்போம். நான் போன வாரம் எடுத்ததை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன்.