கட்டாயம் என்றால் கையில் கொடுங்கள்

ஒவ்வொரு அக்டோபர் முதல் தேதிக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் ஐசிடி-10 நோய்க் குறியீடுகள் அன்றைக்கு மாறும், உடனே சென்னையில் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அங்கிருந்து போன் வரும், "உங்க இலவச சாஃப்ட்வேர்ல என்னமோ கோளாறு, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் எல்லாம் திரும்பி வருது" என்று. கேட்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. கோளாறு எங்கே இருக்கிறது என்று யாருமே பார்ப்பதில்லை, காசு கொடுக்காமல் கிடைத்த பொருள்மேல் பழி போடுவது அவ்வளவு சுலபம்.

நாங்கள் பில்லிங் பார்ப்பது அங்கே ஒரு சின்ன கிளினிக்குக்கு. அவர்களிடம் இருப்பது ஓப்பன்இஎம்ஆர், நோயாளி விவரத்தையும் பில்லையும் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர். லைசென்ஸ் கட்டணம் இல்லை, கோட் முழுக்கத் திறந்தே இருக்கிறது, உலகம் முழுக்க யார் யாரோ தங்கள் சொந்த நேரத்தைச் செலவழித்துத் திருத்திக் கொடுக்கிறார்கள். அந்த மனிதர்களைத் திட்டினால் எனக்குக் கோபம் வரும்.

2021-ல் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் முதுகு வலிக்கு எம்54.5 என்று ஒரு குறியீடு இருந்தது. முதுகு வலி இல்லாத கிளினிக் உண்டா? டாக்டர் டிக் அடிக்கும் சூப்பர்பில் என்கிற பில்லிங் தாள் எல்லாவற்றிலும் அச்சடித்தே வைத்திருப்பார்கள். அந்த அக்டோபர் 1-ஆம் தேதி அது செல்லாது என்று ஆக்கி, எம்54.50, எம்54.51, எம்54.59 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பிரிக்கட்டும், மருத்துவக் காரணம் இருக்கலாம். ஆனால் செப்டம்பர் 30 அன்று வந்த நோயாளிக்கு அக்டோபர் கடைசியில் பில் போட்டாலும் பழைய குறியீடுதான் செல்லும், மறுநாள் வந்தவருக்குப் புதியதுதான் செல்லும், ஏனென்றால் கணக்கு எல்லாம் நோயாளியைப் பார்த்த தேதிக்குத்தான். அப்படியானால் இரண்டு வருடத்துப் பட்டியலும் சாஃப்ட்வேரில் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும், தேதியைப் பார்த்துச் சரியானதை எடுத்துக் கொடுக்க வேண்டும். இதை யாரோ உட்கார்ந்து எழுதியாக வேண்டும், தானாக நடக்காது.

அந்தப் பட்டியலை ஏற்றுவது இன்னொரு தலைவலி. சிஎம்எஸ், அதாவது முதியோருக்கான மெடிகேர் இன்ஷூரன்ஸை நடத்தும் அமெரிக்க அரசு அமைப்பு, ஜிப் கோப்பாக வெளியிடுகிறது. ஓப்பன்இஎம்ஆர் அந்தக் கோப்பைப் பெயரையும் செக்சம்மையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) வைத்து அடையாளம் காணும். அங்கே கோப்பின் பெயரில் ஒரு சொல்லை மாற்றினாலோ, திருத்தி மறுபடி வெளியிட்டாலோ, இங்கே ஒரு தன்னார்வலர் கண்டுபிடித்துப் புதிய விவரத்தைச் சேர்க்கும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். ஒரே மாதிரி பெயர் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

சரி, ஐசிடியாவது இலவசம். சிபிடி என்கிற சிகிச்சைக் குறியீடுகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஹிப்பா என்கிற அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் 2000-ல் வந்த விதி, டாக்டர்கள் மின்னணு முறையில் அனுப்பும் கிளெய்மில் சிபிடி போட வேண்டும் என்றது. பதிப்புரிமையோ அமெரிக்க மருத்துவச் சங்கத்திடம் இருக்கிறது. அரசு கட்டாயம் என்கிறது, சங்கம் லைசென்ஸுக்குக் காசு கேட்கிறது, ஓப்பன்சோர்ஸ் தொகுப்பில் சேர்த்துக் கொடுக்கவும் முடியாது. 1997-ல் ஒரு வழக்கில் 9-வது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், வேறு குறியீட்டு முறையைத் தொடக் கூடாது என்று அரசுத் துறையிடம் அந்தச் சங்கம் ஒப்பந்தம் வாங்கியது பதிப்புரிமையை முறைகேடாகப் பயன்படுத்தியதுதான் என்றே சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில் பதிப்புரிமை செல்லும் என்றும் சொல்லிவிட்டது. அதனால் வருடா வருடம் ஜனவரி 1-ஆம் தேதிப் பட்டியலை ஒவ்வொரு கிளினிக்கும் தனியாக வாங்கித் தானே ஏற்ற வேண்டும். 2021 ஜனவரியில் 99201 என்ற குறியீட்டை எடுத்தார்கள் என்றால், அதைப் பட்டியலில் முடக்கி வைப்பதும் கிளினிக்கின் தலையில்தான். ஏற்ற மறந்துவிட்டு "சாஃப்ட்வேர் சரியில்லை" என்றால் என்ன அர்த்தம்?

ஃபார்ம் பற்றிச் சொல்லவில்லை இன்னும். காகிதத்தில் கிளெய்ம் அனுப்பும் சிஎம்எஸ்-1500 ஃபார்ம் சிவப்பு மையில் அச்சடித்தது, ஸ்கேனர் அந்தச் சிவப்பைத் தள்ளிவிட்டு எழுத்தை மட்டும் படிக்கும், நகல் எடுத்து அனுப்பினால் மெடிகேரில் ஏற்க மாட்டார்கள். எழுத்து அங்குலத்துக்கு 10, வரி அங்குலத்துக்கு 6, கொஞ்சம் நகர்ந்தாலும் கட்டத்துக்கு வெளியே போய்விடும். 2012 பிப்ரவரி பதிப்பில் 21-வது கட்டத்தில் 4 நோய்க் குறியீடு இருந்த இடத்தில் 12 ஆக்கி, எந்தச் சிகிச்சை எந்த நோய்க்கு என்று காட்டும், 1 முதல் 4 வரை எண்ணாக இருந்த சுட்டிகளை ஏ முதல் எல் வரை எழுத்தாக மாற்றினார்கள். 2014 ஏப்ரல் 1 முதல் மெடிகேரில் அந்த ஃபார்ம் மட்டும்தான். ஐசிடி-10-ஐ மனதில் வைத்துச் செய்த மாற்றம் இது. அதே 2014 ஏப்ரல் 1 அன்றுதான் ஐசிடி-10-ஐ மறுபடி தள்ளிவைக்கும் சட்டத்திலும் கையெழுத்து ஆனது! தேதியை நம்பி ராத்திரி பகலாக வேலை செய்து முடித்தவர்களைப் பற்றி ஒருவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை, ஐசிடி-10 ஒருவழியாக வந்தது 2015 அக்டோபர் 1-ல்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை, விலைகொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரை விற்றவனே வந்து மாற்றிக் கொடுப்பான். அடிபடுவது சின்ன டாக்டர். கிளெய்ம் திரும்பினால் அந்த மாதச் சம்பளத்துக்கே அவர் திண்டாட வேண்டும், அவர் திண்டாடினால் இங்கே வராத பணத்தைக் கேட்டுப் போன் போடும் எங்கள் ஏஆர் காலர் பெண்கள் ராத்திரி முழுக்க இன்ஷூரன்ஸ்காரனிடம் போனில் மன்றாட வேண்டும்.

நான் கேட்பது இதுதான். சட்டம் போட்டுக் கட்டாயமாக்கும் குறியீட்டை அந்த அரசே விலைக்கு வாங்கி எல்லாருக்கும் கொடுக்கட்டும், கோப்பின் பெயரையும் வடிவத்தையும் மாற்றாமல் வெளியிடட்டும். இலவசமாகப் பயன்படுத்தும் கிளினிக்காரர்களே, அக்டோபருக்கான ஐசிடி பட்டியல் கோடையிலேயே வந்துவிடுகிறது. அப்போதே ஒரு டெஸ்ட் சர்வரில் ஏற்றிப் பாருங்கள், ஏற்ற ஆள் இல்லை என்றால் அதைச் செய்பவருக்குக் காசு கொடுங்கள். செப்டம்பர் 30 ராத்திரி எங்களுக்குப் போன் போட்டுக் கத்தாதீர்கள்.