எழுத்தில் ஆஸ்திரேலியா, ஒலிக்குறியில் லண்டன்

ஒரு நாட்டு ஆங்கில அகராதியில் உள்ளூர்ச் சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பெருமைப்படுகிறோம். முதலில் புரட்ட வேண்டியது உச்சரிப்புக் குறிகளின் விளக்கப் பக்கம். யார் பேச்சை அளவாக வைத்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். ஆர்தர் டெல்பிரிட்ஜைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு 1981இல் மக்குவாரி அகராதி வந்தது. அதற்கு அடிப்படை 1971இல் வந்த ஹாம்லின் அகராதி. அதற்கும் மூலம் ஓர் அமெரிக்க அகராதி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அகராதிகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறித்தான் வளர்கின்றன.

உச்சரிப்புக்கும் சான்று கையில் இருந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பேச்சைப் பதிவுசெய்து மொழியியலாளர் மிட்செலும் டெல்பிரிட்ஜும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டிஷ் சாயல் கொண்ட 'கல்டிவேட்டட்' பேச்சு 11 சதவீதம்தான். நடுத்தரமான 'ஜெனரல்' பேச்சு 55, உள்ளூர்ச் சாயல் அழுத்தமான 'பிராட்' 34.

சிக்கல் குறிகளில் இருந்தது. மிட்செல் வகுத்த குறிமுறை, தென் இங்கிலாந்துப் பேச்சுக்கு பிரிட்டிஷ் ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் போட்டதை ஒட்டியது. 'ஸ்டார்ட்' என்பதன் உயிரொலிக்கு நாக்கின் பின்பகுதியைக் காட்டும் குறி; ஆஸ்திரேலியர் வாயில் அது நடுவே, இன்னும் முன்னால் பிறக்கிறது. 'கூஸ்' சொல்லும்போதும் நாக்கு முன்னே வருகிறது. 'ஃபேஸ்' தொடங்கும்போது வாய் நன்றாகத் திறக்கிறது, காதில் ஏறக்குறைய 'ஃபைஸ்' என்றே விழுகிறது. குறியை நம்பிப் பயிலும் புதுக் குடியேறி லண்டன் ஒலியைக் கற்றுக்கொண்டு, சிட்னிக் கடைக்காரர் சொல்வது பிடிபடாமல் நிற்பார். தப்பு அவர் காதில் இல்லை.

1997இல் ஹாரிங்டன், காக்ஸ், எவன்ஸ் என்னும் ஆய்வாளர் மூவரும் ஒலியலைகளை அளந்து, அந்த உயிரொலிகளுக்கேற்ற குறிகளை முன்வைத்தார்கள். பழகிய குறிகளை மாற்றினால் வாசகர் குழம்புவார் என்பது எதிர்வாதம். எனக்கு அது ஏற்புடையதல்ல. பழக்கம் அகராதி தயாரிப்பவர்களுக்குத்தான். புதிதாகப் படிக்க வருபவருக்குப் பழைய குறி, புதிய குறி இரண்டுமே புதுசு. பாடநூலும் அகராதியும் 1997 முறைக்கே வர வேண்டும்.

ஒரே நாட்டுக்குள்ளும் ஒரே ஒலி கிடையாது. நியூ சவுத் வேல்ஸின் நியூகாஸிலில் 'கா' நெடில். விக்டோரியாவின் காஸில்மெய்னில் அதே எழுத்துகளைக் குறுக்கி, 'கேட்' என்னும் பூனைச் சொல்லின் உயிரொலியோடு சொல்கிறார்கள். ஊர்ப்பெயரில் கடைசிச் சொல் அந்த ஊர்க்காரருடையது. தேசிய அகராதியும் அதைத்தான் பதிய வேண்டும்.