சிக்கரியைக் கூட்டச் சொல்லாதீர்கள்

பெங்களூரு அல்சூரில் நான் காபிப்பொடி வாங்கும் கடையில் போன வாரம் ஒரு பெரியவர் விலையைக் கேட்டுவிட்டு, "சரிப்பா, சிக்கரியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுடு" என்றார். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஜனவரியில் கர்நாடகத்தின் காபித் தோட்டப் பகுதியான சிக்கமகளூர் போய் வந்த பிறகு வாய் வரவில்லை.

அங்கே அரபிகா என்ற காபி வகையின் பழப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரே கொத்தில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே இருக்கும். பழுத்ததை மட்டும் விரலால் திருகி எடுத்து, இடுப்பில் கட்டிய பையில் போடவேண்டும். பச்சைக்காய் கலந்தால் காபி துவர்க்கும். அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை வருகிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து அக்கா ஒருவர், "சாயங்காலம் எடை போடுறப்பதான் முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியும் தம்பி" என்றார்.

ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டைதான் தேறும். தோலை உரித்து, வழவழப்புப் போக ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைக்க வேண்டும். அப்புறம் க்யூரிங் ஆலையில் மேல்தோல் நீக்கிச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். நாம் தேடி வாங்கும் பீபெரி, அதாவது பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை, அங்கேதான் தனியாகிறது. வறுக்கும்போது எடை இன்னும் குறையும்.

தொண்ணூறுகள் வரை விளைச்சலை காபி வாரியம்தான் வாங்கி விற்றது. இப்போது நியூயார்க், லண்டன் சந்தை ஏறினால் இங்கேயும் ஏறுகிறது. விலை ஏறும்போதெல்லாம் கடைக்காரர்கள் கூட்டுவது, காபிக்கொட்டையைவிட மலிவான சிக்கரியை. அது காபியே இல்லை, குஜராத்தில் விளையும் ஒரு கிழங்கு. சட்டப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம், ஆனால் அளவைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். அரைத்துக் கட்டித் தரும் பொட்டலத்தில் அதை யார் எழுதுகிறார்கள்?

ஒரு கடையில் 20 சதவீதம் என்று சொல்லி வாங்கினேன். இரண்டாம் டிகாஷனும் கருகருவென்று இறங்கியது. சந்தேகப்பட்டு, கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை தூவினேன். காபித்தூள் மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடியில் போய் உட்காரும். பாதிக்கு மேல் உட்கார்ந்துவிட்டது. அந்த அக்கா முதுகொடியப் பறித்ததற்குக் கொடுப்பதாக நினைத்த காசு, கிழங்குக்குப் போயிருக்கிறது.

கொஞ்சம் சிக்கரி சேர்த்தால் டிகாஷன் திக்காக இருக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கண்ணெதிரே கொட்டையை அரைக்கச் சொல்லுங்கள், சிக்கரியைத் தனியாக எடை போடச் சொல்லுங்கள். விலை கட்டவில்லையா, கால் கிலோவுக்குப் பதில் 200 கிராம் வாங்குங்கள்.