ஊட்டி உயரமும் பிளக் கேப்பும்: ஒரு திருத்தம்

"ஊட்டி ஏறினால் காற்று குறைவு, ஸ்பார்க் வீக் ஆகும், பெரிய காயில் (ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் தருவது) போட்டு பிளக் கேப்பை (ஸ்பார்க் தாண்டும் இடைவெளி) 1.1 மி.மீ. ஆக்கினால் போன பவர் திரும்பும்" என்று சொல்லியிருக்கிறீர்கள் அண்ணா. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம்.

ஊட்டி இருக்கும் 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். பவர் குறைவது அதனால்தான். அடர்த்தி குறைந்தால் ஸ்பார்க் தாண்டத் தேவையான வோல்டேஜும் குறையும். மலைமேல் காயிலுக்கு வேலை சுலபம். டர்போ இல்லாத எஞ்சினில் இழந்ததை எந்தக் காயிலும் திருப்பித் தராது.

டர்போவில் பூஸ்ட் (அது திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். கேப் அகலமாக இருந்தால் ஸ்பார்க் தாண்டாது, மிஸ்ஃபயர் ஆகும், அதாவது பெட்ரோல் எரியாமல் போகும். கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவிலிருந்து இரண்டாம் கியரில் முழுசாக மிதிக்கும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்தால் முதல் சந்தேகம் இதன்மேல் வரட்டும். பூஸ்ட் கூட்டி டியூன் செய்தவற்றில் 0.6 முதல் 0.7 மி.மீ. வைப்பது வழக்கம்; எதுவும் மாற்றாத ஸ்டாக் வண்டிக்கு கம்பெனி சொன்ன அளவே சரி. இரிடியம் பிளக் என்றால் நடு முனையில் எதுவும் படக்கூடாது, சட்டென்று உடைந்துவிடும்.

குன்னூர் மூடுபனியில் மட்டும் மிஸ் ஆகிறதா? காயிலின் பூட் (பிளக்கின் மேல் மாட்டும் ரப்பர் உறை) கழற்றிப் பாருங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் இழுத்த மாதிரி கறுப்புக் கோடு இருந்தால் கரண்ட் அந்த வழியாகக் கசிகிறது. பிளக், பூட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, அலுமினிய ஹெட்டில் வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20 என்ற அளவு விசையில் இறுக்குங்கள்.