கிரேயான் உருகுவது வேதி மாற்றம் அல்ல

"உருகிக் கலந்த கிரேயான் நிறங்களைத் திரும்பப் பிரிக்க முடியாது, ஆகவே அது வேதி மாற்றம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் இதைப் படித்துப் பரீட்சையில் அப்படியே எழுதிவிடப் போகிறார்கள், சார்.

பிரிக்க முடிகிறதா என்பதல்ல, புதுப் பொருள் உண்டானதா என்பதே கேள்வி. கோலமாவில் செம்மண் பொடி கொட்டிவிட்டால் யார் உட்கார்ந்து பிரிப்பது? அதற்காக அங்கே புதுப் பொருள் பிறந்துவிட்டதா என்ன?

கிரேயானில் பெரும்பகுதி பாரஃபின் மெழுகு, அதோடு நிறத்தூள். போன மாதம் குன்னூரில் எங்கள் வீட்டில் உடைந்த துண்டுகளை ஒரு டம்ளரில் போட்டு, கொதிக்கும் தண்ணீரில் இறக்கி வைத்தோம். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத்தான் பாடு. மெழுகுக்கு அதுவே தாராளம், 60 டிகிரியை ஒட்டி இளகிவிடுகிறது. ஆறியபின் பார்த்தால் நடுவில் குழி, ஏனென்றால் மெழுகு இறுகும்போது சுருங்கும். அடியில் நிறம் அடர்ந்தும் மேலே வெளுத்தும் இருந்தது. தூள் தூளாகவே இருந்ததால்தான் கீழே படிந்தது. அந்தக் கட்டியை எடுத்துத் தாளில் தேய்த்தேன், பழையபடி எழுதியது.

கோத்தகிரிப் பக்கம் தேனடையை வெந்நீரில் உருக்கித் துணியில் வடிகட்டி மெழுகு எடுப்பதும் இதே கதைதான்.

திரி போட்டுப் பற்றவைத்தால் அது வேறு. அங்கே மெழுகு எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமாகப் போகிறது. அது வேதி மாற்றம், அதில் உங்களோடு சண்டையில்லை.