கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் யாருடைய உதவியாளரும் இல்லை

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். காணொளியைப் பார்த்தவர்கள் உள்பெட்டிக்கு வந்து "விடுங்க மேடம்" என்கிறார்கள். விட முடியவில்லை.

தேடுபொறியின் வரலாறு என்று நாற்பது நிமிடம் பேசினார் அந்தச் சிறப்பு விருந்தினர். 1998, இரண்டு இளைஞர்கள், ஒரு கார் ஷெட், கூகுள். அங்கேதான் அவருக்கு வரலாறு தொடங்குகிறது. கேள்வி நேரத்தில் எழுந்து, "தேடலுக்கு அடிப்படையாக 1972இல் கேம்பிரிட்ஜ் கணினி விஞ்ஞானி கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் எழுதிய கட்டுரையைச் சொல்லவே இல்லையே சார்" என்று கேட்டேன். "அவங்க ரோஜர் நீடமோட மிஸஸ். ஹஸ்பண்டுக்கு ஹெல்ப்பா இருந்தவங்க" என்றார். முன்வரிசை சிரித்தது. மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

என்ன உதவி செய்தார் என்று அவரால் ஒரு வரி சொல்ல முடியுமா? கேரனின் கணவர் ரோஜர் நீடமும் கணினி விஞ்ஞானி, பெரிய ஆள்தான். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் உருமாற்றி வைக்கும் முறை, 1978இல் சக ஆய்வாளர் ஷ்ரோடருடன் சேர்ந்து எழுதிய பாதுகாப்பு நெறிமுறை எல்லாம் அவருடைய வேலை. கேரனுடைய வேலை மொழி. சொற்களை வைத்துக்கொண்டு ஆவணங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது. இரண்டும் வேறு வேறு துறை.

1935இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். ஸ்பார்க் என்பது நார்வேயிலிருந்து வந்த அம்மாவின் குடும்பப் பெயர். கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியில் படித்தது வரலாறு, கொஞ்சம் தத்துவம். சிறிது காலம் பள்ளி ஆசிரியை. அப்புறம் மார்கரெட் மாஸ்டர்மேன் நடத்திய மொழி ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். எந்தெந்தச் சொற்கள் ஒரே பொருள் தருகின்றன என்பதை இயந்திரத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாமா என்பதுதான் 1964இல் அவர் கொடுத்த ஆய்வேடு. அது புத்தகமாக வந்தது 1986இல். இருபத்திரண்டு வருடம் அலமாரியில் இருந்திருக்கிறது.

அந்த 1972 கட்டுரைக்கு வருகிறேன். என் மாணவர்களுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். ஒரு பழைய பத்திரிகையின் 1000 கட்டுரைகள் கணினியில் இருக்கின்றன. "கரகாட்டம் கட்டுரை" என்று தேடுகிறீர்கள். "கட்டுரை" என்ற சொல் 500 இடத்தில் இருக்கிறது, "கரகாட்டம்" 5 இடத்தில்தான். இரண்டு சொல்லுக்கும் ஒரே மதிப்பு கொடுத்தால் குப்பைதான் மேலே வரும். ஆயிரத்தை ஐந்நூறால் வகுத்துப் பத்தடிமான மடக்கை (log) எடுங்கள், 0.3. ஐந்தால் வகுத்து எடுங்கள், 2.3. அரிதான சொல்லுக்கு எடை அதிகம். ஊரில் எல்லார் வாயிலும் புழங்கும் சொல் எதையும் தனியாக அடையாளம் காட்டாது, நாலு பேர் மட்டும் சொல்லும் சொல் காட்டும். இதை வெறும் கணக்காக்கி, ஆவணத் தொகுப்புகளில் ஓட்டி, வேலை செய்கிறது என்று காட்டினார். ஐடிஎஃப் (inverse document frequency, தலைகீழ் ஆவண அலைவெண்) என்று நாம் பாடத்தில் மனப்பாடம் செய்வது இதைத்தான். பாடத்தில் பெயர் வராது, சூத்திரம் மட்டும் வரும்.

"ஒரு மடக்கைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சொன்ன பிறகு எல்லாம் எளிதுதான் ஐயா. சொல்வதற்கு முன்னால் யாருக்கும் தோன்றவில்லையே.

"லூன் 1957லேயே சொற்களை எண்ணினார், சால்டன் இல்லாவிட்டால் இது பரவியிருக்காது" என்று இதே துறையின் வேறு இரு முன்னோடிகளைக் காட்டுவது இன்னொரு வாதம். சரி, உண்மை. ஒப்புக்கொள்கிறேன். லூன் எண்ணியது ஓர் ஆவணத்துக்குள் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று. தொகுப்பு முழுவதும் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்று பார்த்து எடை போட்டவர் கேரன். இரண்டையும் பெருக்கினால்தான் இன்றைய பாடம். லூனை யாரும் இன்னாருடைய கணவர் என்று அறிமுகப்படுத்துவதில்லை.

"இப்போது எல்லாம் நரம்பியல் வலைப்பின்னல், அதெல்லாம் பழசு" என்பவர்களுக்கு: 1976இல் ராபர்ட்சன் என்ற ஆய்வாளருடன் கேரன் எழுதிய கட்டுரையின் வழியில் வளர்ந்ததுதான் பிஎம்25 என்ற, தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் சூத்திரம். லூசீன், எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள்கள் இரண்டிலும் இயல்பாக அமைந்திருக்கும் கணக்கு அதுதான். உங்கள் அலுவலகத் தேடலைத் திறந்து பாருங்கள்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. இத்தனையும் செய்த பெண் பல வருடங்கள் குறுகிய கால ஒப்பந்தத்திலும் மானியப் பணத்திலும்தான் ஓட்டினார். கணவர் 1980இல் கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்துக்கே தலைவரான பிறகும் அப்படித்தான். பேராசிரியர் ஆனது 1999இல். அந்தக் கட்டுரை வந்து இருபத்தேழு வருடம் கழித்து, அறுபது வயதைத் தாண்டி. கணவரால் வந்த பெயர் என்றால் இந்த நாற்காலி ஏன் இவ்வளவு தாமதம்? மூன்று வருடத்தில் ஓய்வும் பெற்றுவிட்டார்.

எனக்கு ஒப்பந்தம் என்றால் என்னவென்று தெரியும். பதினொரு வருடமாக கௌரவ விரிவுரையாளர். மே மாதம் சம்பளம் கிடையாது. ஜூனில் ஆணை வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வருகைப் பதிவேடுகூட எங்களுக்குத் தனி நோட்டு. என் கணவர் அதே வளாகத்தில் வேறு துறையில் நிரந்தரப் பணியில் இருக்கிறார். நான்கு வருடம் முன்பு ஆய்வுக் குழு ஒன்று வந்தபோது, நான் எழுதிய தமிழ்த் தேடல் நிரலைத்தான் காட்டினார்கள். பழைய இதழ்களின் தலைப்புகளைத் தேடித் தருவது. மூன்று கோடை விடுமுறை, சம்பளம் இல்லாத மூன்று மே மாதம் அதற்குப் போனது. காட்டி முடித்துவிட்டு, "இவங்க நம்ம சாரோட வீட்டுக்காரம்மா, இங்கதான் கிளாஸ் எடுக்கறாங்க" என்றார்கள். அவ்வளவுதான் அறிமுகம். நானும் வணக்கம் சொல்லிவிட்டு டீ கொடுக்கும் பக்கம் போய் நின்றுகொண்டேன். சனிக்கிழமை அந்த முன்வரிசை சிரித்தபோது எனக்கு அந்த டீ வாசனைதான் வந்தது.

ஆமாம், சொந்த வருத்தத்தைக் கலக்கிறேன். கலக்கக்கூடாது என்று யார் சொன்னது? "எல்லாவற்றிலும் பெண்ணியமா" என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச எதுவும் இல்லை. கேரனே நேராகச் சொன்னார், கணினித் துறை ஆண்களிடம் மட்டும் விட்டுவிட முடியாத அளவுக்கு முக்கியமானது என்று. திருமணத்துக்குப் பிறகும் தன் பெயரை மாற்றிக்கொள்ளாதவர். நீடம் 2003இல் போனார், இவர் 2007 ஏப்ரலில் புற்றுநோயில் போனார். பிரிட்டிஷ் கணினிச் சங்கத்தின் லவ்லேஸ் பதக்கம் அதே வருடம் கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண். அந்தப் பதக்கத்தையும் யாருக்கோ உதவி செய்ததற்காகவா கொடுத்தார்கள்?

விருந்தினருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, வாய் தவறிவிட்டது என்று ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். அப்படியானால் காணொளியின் கீழே ஒரு வரி திருத்தம் போடுங்கள். மூன்று நாளாகக் கேட்கிறேன்.

நேற்று இரவு என் கணவரும் காணொளியைப் பார்த்தார். "நீ கேட்டது சரிதான், ஆனா அத்தனை பேர் முன்னாடி கேட்டிருக்க வேணாம்" என்றார். இன்னும் நான் பதில் சொல்லவில்லை. அவரும் இங்கே இருக்கிறார், இதைப் படிப்பார்.